யானைக்கல்லில் இறங்கணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்படுகிறது.)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, இந்த வயதிலும் முன்வரிசையில் அமர்ந்து என் தமிழில் பிழை பிடிக்கக் காத்திருக்கும் என் பேராசிரியர் அவர்களே, என்னோடு இந்த மரத்தடியில் டீ குடித்துக் கடன் வைத்த நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. "அண்ணே, நீங்க நில அளவைத் துறையில 33 வருஷம் டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவரு, மதுரையைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். சரி, இந்த ஊரில் இன்னும் ஓடாத ஒரு ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ரயிலுக்கு முதன்முதலில் வரைபடம் போட்டது நானும் என் அறைத்தோழனும்தான். அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இப்பவே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

1977-ஆம் வருஷம். கல்கத்தாவில் பூமியைத் தோண்டி ரயில் விடப் போகிறார்கள் என்று ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்திருந்தது. அங்கே 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியிருந்தார். வேலை நடந்துகொண்டே இருந்தது. (1984 அக்டோபரில்தான் முதல் வண்டி ஓடியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் சுரங்க ரயில்.) பத்திரிகையில் போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. கல்கத்தாவுக்கு உண்டென்றால் மதுரைக்கு ஏன் கூடாது? விடுதிச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், கலர் சாக்பீஸால் மதுரைக்கு மூன்று பாதை போட்டோம். சிவப்பு, பச்சை, நீலம். வட்டம் வட்டமாக நிலையங்கள். எல்லாம் ஒரே ராத்திரியில் முடிந்தது.

பாதை போட ஒரு ராத்திரி. பெயர் வைக்க மூன்று வாரம்! காரணம் என்ன தெரியுமா? என் அறைத்தோழன் எம்.ஜி.ஆர். ரசிகன். நான் சிவாஜி ரசிகன். 1977 ஜூனில் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகியிருந்த நேரம், அவன் தரையில் நடக்கவே இல்லை. மூன்று பாதையும் சந்திக்கிற கோரிப்பாளையத்துக்கு யார் பெயர் என்று தகராறு. இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் கோரிப்பாளையம் அவனுக்கு, சிம்மக்கல் எனக்கு, யானைக்கல்லை ஆளுக்குப் பாதியாக்கி எங்கள் வார்டனை மகிழ்விக்க அவர் பெயரை வைப்பது என்று ஒப்பந்தம் ஆனது. வார்டன் மகிழவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்க இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய் போட்டார். ஆனால் வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா வந்துவிட்டார்கள்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் கிராமம். மாதம் ஒருமுறை தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும், துணியில் கட்டிய முறுக்குமாக வருவார்கள். பெரிய பஸ் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் ஏறி, யானைக்கல்லில் இறங்கி, பாலத்தில் நடந்து ஆற்றைத் தாண்டி விடுதிக்கு வர வேண்டும். பஸ்ஸில் போட்டிருக்கிற எண்ணும் தெரியாது, போர்டும் தெரியாது. எப்படி வந்தார்கள்? முதல் தடவை நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, கல்லு ஆனை இருக்கிற எடத்துல எறங்கணும். கண்டக்டர் ஆனக்கல்லுன்னு கத்துவாரு." அவ்வளவுதான். ஒரு நாளும் தவறியதில்லை. கண்டக்டர் மறந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் "யப்பா, கல்லு ஆனை வந்துருச்சா?" என்று கேட்டால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சுவரைப் பார்த்து, இது என்னப்பா கோலம் என்று கேட்டார்கள். பெருமையாக விளக்கினேன். பூமிக்கு அடியில் ரயில் வரும், இங்கே ஏறி இங்கே இறங்கலாம் என்று ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"எல்லாஞ் சரிப்பா. இதுல ஆனக்கல்லு எங்க? நான் எங்க எறங்குறது?"

எங்களிடம் பதில் இல்லை. என் அறைத்தோழன்தான் எழுந்து, வார்டன் பெயரைக் கையாலேயே அழித்துவிட்டு, அந்த வட்டத்துக்குள் ஒரு யானை படம் போட்டான். யானை என்று சொன்னால்தான் யானை, பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "ம், இப்பத் தெரியுது" என்றார்கள்.

மறுநாள் வெள்ளையடித்துவிட்டார்கள். ரயிலும் போச்சு.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போய், ஊர் ஊராக வரைபடம் வரைந்து, எழுதிய பெயர்கள் எத்தனை ஆயிரம் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒரு ஊரின் வரைபடத்தில் கோடுகளைவிடப் பெயர்கள்தான் கஷ்டம். கோட்டை அளந்து போட்டுவிடலாம். பெயரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மதுரைக்கு மெட்ரோ ரயில் வரும் என்று தமிழக அரசு அறிவித்தது உங்களுக்குத் தெரியும். திருமங்கலத்தில் ஆரம்பித்து, திருப்பரங்குன்றம், பசுமலை வழியாக ரயில் நிலையம் வந்து, கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடை வரைக்கும் சுமார் 32 கிலோமீட்டர். பெரும்பகுதி தூண்களின் மேலே, ஊருக்கு நடுவில் மட்டும் சுரங்கம். விரிவான திட்ட அறிக்கையெல்லாம் தயாரானது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி மதுரையில் அவ்வளவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011-இல் மதுரை நகரத் தொகுதியில் சுமார் 14.65 லட்சம் பேர். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவே இல்லை. அதே 2011 கணக்கில் 20 லட்சத்துக்குக் கீழே இருந்த ஆக்ராவுக்கும் போபாலுக்கும் அனுமதி கிடைத்தது என்று இங்கே பலரும் சுட்டிக் காட்டினார்கள். இது அரசியல் மேடை அல்ல, நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். காளவாசலில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்தவருக்கு மதுரை வளர்ந்ததா இல்லையா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலர் இதில் மனம் நொந்து போனார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் புத்தி எப்படிப் போகும் என்றால், "பரவாயில்லை, பெயர் வைக்க நேரம் கிடைத்திருக்கிறது" என்று போகிறது. சிரிக்காதீர்கள். அனுமதி வந்துவிட்டால் எல்லாம் அவசரமாகிவிடும். டெண்டர், நில எடுப்பு, தூண், தண்டவாளம் என்று ஓட்டமாக ஓடும்போது பெயரைப் பற்றி யோசிக்க ஆளிருக்காது. யாராவது ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் நூறு வருஷத்துக்கு அதுதான் பெயர்.

சென்னையைப் பாருங்கள். 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் வண்டி ஓட ஆரம்பித்தது. 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரைக்கும் போனது. அந்த வடக்குப் பாதையில் பெயர்களை வாசித்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர். தேர் நிற்கிற இடம் ஒரு நிலையம், தீப்பெட்டிக் கம்பெனி இன்னொரு நிலையம். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. காலடிப்பேட்டை என்றதும் ஏதோ சாமியின் காலடி என்று நினைப்பீர்கள். இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த காலெட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கவர்னரை யாருக்கும் ஞாபகம் இல்லை, நெசவாளர் பேட்டை மட்டும் மெட்ரோவில் ஏறிவிட்டது.

அதே சென்னையில் இன்னொரு நிலையத்துக்கு ஏ.ஜி. – டி.எம்.எஸ். என்று பெயர். நம் மதுரைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நம்ம சௌராஷ்டிரத் தெருப் பையனுக்கு மெட்ராஸ்ல ஸ்டேஷன் வச்சிருக்காங்க" என்று என்னிடம் பெருமைப்பட்டார். மதுரையில் 1922-இல் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனைத்தான் சொல்கிறார். அது பாடகர் டி.எம்.எஸ். இல்லை ஐயா, கணக்காயர் அலுவலகமும் மருத்துவப் பணிகள் இயக்ககமும் என்று சொன்னேன். அவர் முகம் வாடிப் போனது. இரண்டு அலுவலகங்களின் தலையெழுத்து அந்த நிலையத்தின் தலையெழுத்தாகிவிட்டது. இதைவிட டி.எம்.சௌந்தரராஜன் பெயரையே வைத்திருக்கலாம்!

தலைவர்கள் பெயர் வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மதுரையிலேயே எனக்குப் பதில் இருக்கிறது. "பெரியார்ல எறங்கு" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஒரு பெரிய மனிதரின் பெயர் ஜனங்கள் வாயில் ஒரு இடமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் மாட்டுத்தாவணியைப் பாருங்கள். அந்தப் பஸ் நிலையத்தின் முறையான பெயர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம். என் அறைத்தோழன் உள்பட யாராவது அப்படிச் சொல்கிறார்களா? மாட்டுச்சந்தை கூடிய இடம் மாட்டுத்தாவணி. மாடு போய் பஸ் வந்த பிறகும் பெயர் நகரவில்லை. அதனால் எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை ஆணை முடிவு செய்வதில்லை. கண்டக்டர் முடிவு செய்கிறார். மெட்ரோவில்தான் கண்டக்டர் கிடையாதே, அங்கேதான் பிரச்சினை.

கல்கத்தாவில் 2009, 2010-இல் தெற்கே பாதையை நீட்டியபோது புது நிலையங்களுக்கு ஊர்ப்பெயரை விட்டுவிட்டு மாஸ்டர்தா சூர்யா சென், கவி நஸ்ருல், ஷஹீத் குதிராம், கவி சுபாஷ் என்று பெரியவர்கள் பெயரை வைத்தார்கள். எல்லாரும் கும்பிடத்தக்க மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பான்ஸ்துரோணிக்குப் போகிற ஆள் சூர்யா சென் என்று கேட்டு இறங்க வேண்டும். பழைய டாலிகஞ்ச் நிலையத்தையும் மாற்றி, மகாநாயக் உத்தம் குமார் என்று ஆக்கினார்கள். அவர் வங்காள சினிமாவின் பெரிய கதாநாயகன். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் விடுதிச் சுவர்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் இருபது வயதில் சாக்பீஸால் செய்ததை ஒரு மாநகரம் சிமெண்டில் செய்திருக்கிறது. இதில் சென்னை கொஞ்சம் தேவலை. 2020 ஜூலையில் மூன்று நிலையங்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சூட்டியபோது அறிஞர் அண்ணா ஆலந்தூர் என்று ஊர்ப்பெயரையும் கூடவே விட்டுவைத்தார்கள். பெயர் நீளம்தான், ஆனால் இறங்க வேண்டியவருக்கு ஆலந்தூர் என்ற சொல் காதில் விழும்.

காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வேலையாக இருந்தான். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அப்பா போன பிறகு அம்மா பாதி வருஷம் அவனோடும் பாதி வருஷம் என்னோடும் இருந்தார்கள். அங்கே மெட்ரோவில் ஏறினால் ஒரு முருகன் கோயிலுக்குப் போகலாம். பாஷை தெரியாது, எழுத்து தெரியாது. ஆனால் ஒலிபெருக்கியில் அந்த நிலையத்தின் பெயரைச் சொல்கிற சத்தத்தை அம்மா மனப்பாடம் செய்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தனியாகவே போய் வருவார்கள். எழுபது வயதில்! "உங்க டவுன் பஸ்ஸை விட இது லேசு" என்று என்னிடம் போனில் சொல்வார்கள். அந்தப் பெருமையை நான் கெடுத்ததே இல்லை.

ஒரு தடவை இங்கே ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த இடைவெளியில் நிலையத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். தம்பிக்குத் தெரியும். சொல்ல மறந்துவிட்டான். எனக்கும் அவன் எப்போதோ சொல்லியிருந்தான், நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கிளம்பிப் போய், பெயர் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி நிலையம் வந்துவிட்டது. திரும்பி வருகிற வண்டியில் ஏறி மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மூன்று தடவை. இரவு பத்தரை மணிக்கு ஒரு காவல்காரப் பெண், அம்மாவின் இடுப்புப் பையில் இருந்த சீட்டைப் பார்த்துத் தம்பிக்குப் போன் செய்தாள். எத்தனையாவது நிலையம் என்று எண்ணியிருக்கலாமே அம்மா என்று தம்பி கேட்டிருக்கிறான். "பேரு வரும்னு இருந்தேன்யா. பேரையே எடுத்துட்டாங்க" என்றார்களாம். அதற்கப்புறம் அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஒரு படத்தை வைத்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். 2014-இல் காலமானார்கள்.

யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. புதுப் பெயருக்கு உரியவரும் நல்ல மனிதர்தான். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரே என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பார்.

சரி, மெக்சிகோவுக்குப் போவோம். ரொம்பத் தூரம், ஆனால் காரணம் இருக்கிறது. 1969-இல் மெக்சிகோ நகரத்தில் மெட்ரோ ஆரம்பித்தபோது படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்தார்கள். அதனால் லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரை வைத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் போட்டார்கள். சப்புல்டெபெக் என்ற இடத்துக்கு அந்த ஊர் பழைய பாஷையில் வெட்டுக்கிளிக் குன்று என்று அர்த்தம். அந்த நிலையத்தின் சின்னம் வெட்டுக்கிளி. இந்த விஷயத்தை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். பார்த்த உடனே அறைத்தோழனுக்குப் போன் செய்து, "மாப்ள, நீ போட்ட பன்றியை மெக்சிகோக்காரன் போட்டிருக்கான்டா" என்றேன். "அது யானைடா" என்று திட்டினான்.

மெக்சிகோவில் ஒருவரை உட்கார வைத்து யோசித்துப் படம் போட்டார்கள். மதுரைக்கு அந்தச் செலவே தேவையில்லை. நம் பெயர்கள் எல்லாமே படம்தான்! யானைக்கல் யானை. சிம்மக்கல் சிங்கம். விளக்குத்தூண் விளக்கு. பத்துத்தூண் பத்துத் தூண், அதை எண்ணத் தெரிந்தால் போதும். நரிமேடு நரி. மூன்றுமாவடி மூன்று மாமரம். ஒத்தக்கடைக்கு ஒரே ஒரு கடை. அங்கே ஆனைமலை இருக்கிறதே, யானை போடலாமே என்று கேட்பீர்கள். போட்டால் யானைக்கல்லோடு குழம்பும், கடையே இருக்கட்டும். மாட்டுத்தாவணிக்குக் கொம்பு வைத்த காளை, பசுமலைக்குக் கன்றுக்குட்டியோடு பசு. கோரிப்பாளையத்துக்குத் தர்காவின் கும்மட்டம். 'கோர்' என்றால் பாரசீகத்தில் கல்லறை, அந்த தர்காவை வைத்து வந்த பெயர். பாரசீகச் சொல்லும் தமிழ்ப் பாளையமும் சேர்ந்து ஓர் ஊர் ஆகியிருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், சிவாஜியும் வேண்டாம், எம்.ஜி.ஆரும் வேண்டாம்.

விளக்குத்தூணில் கொஞ்சம் நில்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தார். அவர் ஞாபகமாக வைத்த விளக்கு அது. தூர்த்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். இடிப்பு வேலையில் இருந்த சர்வேயர் மாரட் பெயரில் மாரட் வீதிகள், மேஸ்திரி பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகள். நான் படிக்கிற காலத்தில் அதை மராட்டிய வீதி என்றே நினைத்திருந்தேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போன ஊரில் ஒரு சர்வேயருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் வீதிகள் இருக்கின்றன என்பது என் துறைக்காரனுக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா!

அகழி இருந்த அந்தச் சதுரத்தைச் சுற்றியே ஒரு வட்டப் பாதை விட வேண்டும் என்பது எங்கள் 1977 திட்டத்தின் நீலக் கோடு. உள்ளே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும்போது, வெளிச் சதுரத்தில் ரயில் சுற்றி வரட்டும், உள்ளே ஜனங்கள் நடக்கட்டும். இன்று எனக்கு அதில் சந்தேகம் உண்டு. தூர்த்த அகழி மண் இறுகிய மண் அல்ல, தோண்டுகிறவருக்கு வேலை அதிகம். மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. படிக்கட்டுக்கோ காற்றுப் போக்கிக்கோ தேர் ஒதுங்காது, அவைதான் ஒதுங்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், உலகனேரி. எத்தனை குளம், எத்தனை ஏரி பாருங்கள். 2004-இல் வந்த உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற இடம் உலகனேரி. அந்த நிலையத்துக்கு ஹைகோர்ட் என்று பெயர் வைப்பார்கள், அது நியாயம்தான், வழக்குக்கு வருகிறவர் ஹைகோர்ட் என்றுதான் கேட்பார். கூடவே உலகனேரி என்றும் எழுதி வையுங்கள் என்கிறேன். ஏரி என்ற சொல் பலகையில் இருந்தால், ஐம்பது வருஷம் கழித்து அங்கே ஒரு பெருமழையில் தண்ணீர் நிற்கும்போது, ஏன் நிற்கிறது என்று ஒரு பையனாவது அண்ணாந்து பலகையைப் பார்ப்பான்.

எங்கள் சிவப்புக் கோட்டைத்தான் கிட்டத்தட்ட அரசாங்கம் போட்டிருக்கிறது, திருமங்கலம் – ஒத்தக்கடை. பச்சைக் கோட்டை யாரும் இன்னும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது அழகர்கோவிலில் இருந்து புறப்பட்டு, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வந்து, ஆற்றைத் தொட்டு, வண்டியூர் போகிறது. இதை நாங்கள் வரையவில்லை. கள்ளழகர் வரைந்தது. வருஷா வருஷம் சித்திரையில் அவர் வருகிற வழி அதுதான். எங்கே கூட்டம் சேரும், எங்கே நின்று போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொரு மண்டகப்படிக்கும் நின்று வருவதால்தான் சுவாமி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும். நிலையங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோவே வேண்டாம், பஸ்ஸுக்கென்று தனிப்பாதை போட்டால் செலவு குறைவு என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். எனக்கு அதில் பிடிவாதம் கிடையாது. எது ஓடினாலும் அது எங்காவது நிற்கும், நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாசலில் பெயர் பதிவு செய்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாளை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். 1977 வரைபடம்தான், ஞாபகத்தில் இருந்து மறுபடி வரைந்தேன். கோடும் வட்டமும் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. நீங்கள் தினமும் இறங்குகிற இடத்தை வீட்டில் பாட்டி எப்படிச் சொல்கிறாரோ, பூக்காரம்மா எப்படிச் சொல்கிறாரோ, அதை அப்படியே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, பேராசிரியர் சாயங்காலம் வரை இருப்பார். எழுத வராதவர்கள் படம் போடலாம். யானைக்கல்லில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அந்த வட்டத்தை என் அறைத்தோழனுக்காக ஒதுக்கியிருக்கிறேன். இந்தத் தடவையாவது அது யானை மாதிரி வருகிறதா என்று பார்ப்போம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தி போட்டாகிவிட்டது என்று நினைக்கிறேன். வணக்கம்.